பெங்களூரில் ஸ்கேட்போர்டும் கஞ்சாவும்: ஊரார் பார்வை வேறு, சட்டம் வேறு என்று அறிந்து நடந்துகொள்வது எப்படி

படிப்புக்காகவோ வேலைக்காகவோ பெங்களூருக்கு வந்து, அல்சூரிலோ மர்பி டவுனிலோ ஈஜிபுராவிலோ அறை எடுத்துத் தங்கும் தமிழ் இளைஞர்கள் பலர் இரண்டு விஷயங்களைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்கேட்போர்டை எடுத்து இறங்கினால் வாட்ச்மேன் விசிலடித்துத் துரத்துவதால் அது சட்டப்படி குற்றம் போலும் என்று நினைக்கிறார்கள். மொட்டைமாடி விருந்துகளில் கஞ்சா சாதாரணமாகக் கைமாறுவதைப் பார்த்து, பிடிபட்டால் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். ஸ்கேட்போர்டைப் பொறுத்தவரை சட்டம் பெரும்பாலும் மௌனமாக இருக்கிறது, ஊரார்தான் கடுமை காட்டுகிறார்கள். கஞ்சா விஷயத்தில் நண்பர் வட்டம் காட்டும் அலட்சியத்தில் நூற்றில் ஒரு பங்குகூடச் சட்டத்திடம் கிடையாது.

முதலில் பலகையைப் பார்க்கலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இயந்திர விசையால் ஓடும் வண்டிகளுக்கானது என்பதால், காலால் தள்ளி ஓட்டும் பலகைக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவு எண்ணோ தேவையில்லை, தலைக்கவசம் அணியாததற்கு அபராதமும் கிடையாது (ஆனாலும் அணியுங்கள், நம் சாலைக் குழிகள் சட்டம் படித்தவை அல்ல). மோட்டார் பொருத்திய பலகைக்கு இந்த வாதம் செல்லாது. அதைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவராமல் தனியார் வளாகத்துக்குள் வைத்துக்கொள்வதே உத்தமம். சாதாரணப் பலகையை ஓட்டுபவருக்கும் இரண்டு பிரிவுகள் நினைவில் இருக்க வேண்டும். பொதுவழியில் இடையூறோ ஆபத்தோ விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 285ஆம் பிரிவின்கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அடுத்தவர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாகும் வகையில் கண்மூடித்தனமாக நடந்துகொண்டால் 125ஆம் பிரிவு வரும், யாருக்காவது அடிபட்டால் அதில் தண்டனையும் கூடும்.

நடைமுறையில் உங்களைத் தடுக்கப்போகிறவர் பெரும்பாலும் போலீஸ்காரர் அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, கடை வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, மதியத் தூக்கம் கலைந்து வெளியே வரும் பாட்டி ஆகியோரே உங்களுக்கு நீதிபதிகள். தனியார் இடத்தில் அவர்கள் போகச் சொன்னால் போய்விட வேண்டும். அங்கே அவர்கள் பக்கம்தான் நியாயம். கிரானைட் திண்ணை விளிம்பில் பலகையை உரசி ஓட்டினால் கல் பெயர்ந்துபோகும் என்பதும், தேய்த்த மெழுகு கறையாக நிற்கும் என்பதும் அவர்களுடைய உண்மையான குறைகள். குடியிருப்பின் அடித்தளத்தில் ஓட்ட விரும்பினால் சங்கத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, இரவு எட்டு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, வண்டிகள் நிற்கும் வரிசைக்குள் நுழைவதில்லை என்று நீங்களே நிபந்தனை எழுதிக் கொடுங்கள். கேட்காமல் ஓட்டிப் பிடிபட்டவருக்குக் கிடைக்காத அனுமதி, முன்கூட்டிக் கேட்டவருக்கு ஆச்சரியப்படும் அளவுக்குக் கிடைக்கிறது. காவலாளிகளில் பலர் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், மேலாளரிடம் பேச்சு வாங்குவதற்கு அஞ்சியே விசிலடிக்கிறார்கள். அவர்களோடு வாதாடி ஒரு பயனும் இல்லை.

பழகுவதற்குச் சர்ஜாபுரா சாலைப் பக்கம் உள்ள ப்ளே அரீனா விளையாட்டு வளாகம் நல்ல இடம். தெருவில் ஓட்டுவதானால், கல் பதித்த சர்ச் தெருவைப் போன்ற பரப்பில் 99ஏ கடினமுள்ள (எண் கூடினால் சக்கரம் கடினம்) சிறு சக்கரங்கள் பல்லைக் கிடுகிடுக்கவைக்கும். 78ஏ முதல் 87ஏ வரையிலான மென்மையான, சற்றுப் பெரிய சக்கரங்களே இந்த ஊருக்குப் பொருந்தும், சத்தமும் பாதியாகக் குறையும். வீட்டில் பெற்றோர் முகம் சுளித்தால், டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இது பதக்க விளையாட்டு என்றும், இதே பெங்களூரைச் சேர்ந்த அதிதா வர்கீஸ் பெண்களுக்காக 2015இல் கேர்ள் ஸ்கேட் இந்தியா என்ற ஸ்கேட்போர்டு அமைப்பைத் தொடங்கினார் என்றும் சொல்லிப் பாருங்கள். ஊரார் சந்தேகம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல: நார்வே 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டுகளை நாடு முழுவதும் தடையே செய்திருந்தது. அதே காலத்தில் இந்தியாவின் சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்கப்பட்டது.

அந்தக் கடைகளுக்கு முடிவு கட்டியது 1985ஆம் ஆண்டில் வந்த, என்.டி.பி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். இது மத்தியச் சட்டம். பெங்களூருக்கு ஒரு விதி, சேலத்துக்கு ஒரு விதி என்று கிடையாது. செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளே இதில் கஞ்சா, பிசின் சரஸ். நுனிகள் சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. இலையிலிருந்து செய்யும் பாங்க் தனி வகையாக நிற்பதும், 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு பிணை உத்தரவில் பாங்க் இந்தச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல என்று கருதியதும் இதனால்தான். அதை நம்பிப் பொட்டலம் வாங்கிவிடாதீர்கள். பாங்கை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலக் கலால் துறையிடம் இருக்கிறது, பொட்டலத்துக்குள் நுனி கலந்திருந்தால் மத்தியச் சட்டமே பாயும்.

அளவுகளைப் பற்றித்தான் மிகுதியான குழப்பம். கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவானது ‘சிறு அளவு’, 20 கிலோவுக்கு மேற்பட்டது ‘வணிக அளவு’. சரஸில் இவை முறையே 100 கிராம், 1 கிலோ. சிறு அளவு என்பதை அனுமதிக்கப்பட்ட அளவு என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிராம் வைத்திருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவலோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க 20ஆம் பிரிவில் இடமிருக்கிறது. வைத்திருக்காமல் புகைத்தது மட்டும் நிரூபணமானாலும் 27ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்டால் பத்தாண்டு வரை. வணிக அளவென்றால் குறைந்தது பத்தாண்டு, பிணையும் எளிதில் கிடைக்காது. மாடித் தொட்டியில் செடி வளர்ப்பதற்கும் பத்தாண்டு வரை தண்டனை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தண்டனையைவிடப் பக்கவிளைவுகளே நம் ஆட்களை அதிகம் வாட்டும். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது; ஆன்சைட் (வெளிநாட்டுப் பணி) வாய்ப்புக்காகக் காத்திருக்கும் மென்பொருள் ஊழியருக்கு இது அபராதத்தைவிடப் பெரிய அடி. வீட்டையோ அறையையோ போதைப்பொருள் குற்றத்துக்குப் பிறர் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதித்தவர் என்.டி.பி.எஸ். சட்டத்தின் 25ஆம் பிரிவில் மாட்டுவார் என்பதால், வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருந்தால் அறைத்தோழரின் பழக்கம் உங்கள் பிரச்சினையும்தான். வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்துவிட்டால் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. போதைப்பொருள் குற்றவாளி என்று கருதப்படுபவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க அதில் வழியுண்டு. பாங்காக் சுற்றுலா முடிந்து கெம்பேகௌடா விமான நிலையத்தில் இறங்கும்போது பெட்டியில் மிட்டாய் வடிவில் எதையாவது கொண்டுவந்தால், அங்கே எப்படி விற்றார்கள் என்பது இங்கே எந்தப் பாதுகாப்பும் ஆகாது. இறக்குமதிக்கென்றே என்.டி.பி.எஸ். சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது.

இரவில் பலகையோடும் முதுகுப்பையோடும் நடக்கும் இளைஞரை ரோந்து போலீசார் நிறுத்திக் கேட்பது அரிதல்ல. பலகையையும் கஞ்சாவையும் ஊரார் ஒன்றாக முடிச்சுப்போட்டு வைத்திருப்பதன் விலை இது. அடையாள அட்டையைக் காட்டி, எங்கே போகிறீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள். உடலைச் சோதிக்கப்போவதாகச் சொன்னால், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்குமாறு கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் 50ஆம் பிரிவு தருகிறது. அந்த உரிமை பைக்குப் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். கன்னடத்தில் எழுதிய தாளை வாசிக்கத் தெரியாவிட்டால், படித்து விளக்கச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள். 67ஆம் பிரிவின்கீழ் அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தூஃபான் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

பழக்கம் கைமீறிப்போனவருக்கும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கைச் சந்திக்கும் அடிமைப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவின்படி அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதைப் பழக்கச் சிகிச்சைக்கென்றே தனி மையம் இயங்குகிறது. நேரில் போகத் தயங்குபவர் 14446 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.