தடை தாண்டும் பந்தயம்: குதிரைகளை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் செல்டனம் நகரில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நான்கு நாள் பந்தய விழா நடக்கிறது. மொத்தம் 28 பந்தயங்கள். கிண்டியிலும் ஊட்டியிலும் சமதள ஓட்டம் பார்த்துப் பழகிய கண்கள் இங்கே எளிதில் ஏமாறும். வெள்ளிக்கிழமை நடக்கும் முதன்மைப் பந்தயமான கோல்டு கப்பில் குதிரை மூன்றேகால் மைலுக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. வழியில் 22 தடைகள். அவற்றைக் கடந்து களைத்த பிறகு, முடிவுக் கம்பம் வரை மேட்டில் ஏற வேண்டும். எந்தக் குதிரை வேகமானது என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். இந்தத் திடலுக்கும், இந்தத் தூரத்துக்கும், இன்றைய தரைக்கும் எது பொருந்தும் என்று கேட்க வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, குதிரையின் பெயருக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் ஓட்டப் பதிவை, எத்தனையாவதாக வந்தது என்று காட்டும் எண்களாக மட்டும் படிப்பது. வலது ஓரத்தில் இருப்பதே அண்மை ஓட்டம். ‘எஃப்’ என்றால் விழுந்தது, ‘யூ’ என்றால் ஜாக்கியை உதறியது, ‘பி’ என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. எஃப் என்ற எழுத்தைக் கண்டதும் குதிரையை ஒதுக்கிவிடுகிறவர்கள் ஏராளம். 2022 விழாவில் கலோபான் டே ஷாம் வெகு தூரம் முன்னிலையில் வந்து கடைசித் தடையில் விழுந்தது. பதிவில் அது ஒரு எஃப். ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கோ அன்று களத்திலேயே சிறந்த குதிரை அதுதான் என்பது தெரியும். அடுத்த இரண்டு ஆண்டும், 2023-லும் 2024-லும், கோல்டு கப்பை வென்றது அதுவே. ஆனி பவர் என்ற பெண் குதிரையும் 2015-ல் வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் கடைசி ஹர்டிலில், அதாவது தாழ்வான தடையில், விழுந்தது. மறு ஆண்டு அதே விழாவின் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தை வென்றது.

அதற்காக எல்லா வீழ்ச்சியையும் மன்னித்துவிடக் கூடாது. அதுவரை தோல்வியே காணாத கான்ஸ்டிட்யூஷன் ஹில் 2025 சாம்பியன் ஹர்டிலில் விழுந்தது. ஒரு முறை என்றால் தற்செயல் எனலாம். அடுத்த மாதமே எய்ன்ட்ரீ திடலிலும் விழுந்தபோது, தாண்டும் முறையிலேயே கோளாறு உண்டா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அதே சாம்பியன் ஹர்டிலில் முன்னிலை வகித்த ஸ்டேட் மேனும் கடைசித் தடையில் விழ, வெற்றி கோல்டன் ஏஸுக்குப் போனது. விழாமல் வருவதும் திறமைதான். அந்த வெற்றியைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால், வலுவான இரு குதிரைகளும் விழுந்த ஓட்டத்தை வைத்து வென்ற குதிரையின் வேகத்தை அளந்தால் கணக்கு தப்பும். எங்கே விழுந்தது, அப்போது எவ்வளவு தெம்பு மிச்சமிருந்தது, இதற்கு முன்னும் இப்படி நடந்ததா? இந்த மூன்றையும் பழைய ஓட்டத்தின் காணொளியில் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும். மூன்றரை அடி ஹர்டில் இடித்தால் சாய்ந்து கொடுக்கும். நாலரை அடி ஃபென்ஸ் என்ற உயரமான தடை பிழையைப் பொறுக்காது. ஹர்டிலில் வென்ற குதிரை ஃபென்ஸிலும் வெல்லும் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதும் இதே வகைத் தவறு.

அடுத்தது, எல்லாத் திடலும் ஒன்று என நினைப்பது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கிலாந்தின் கெம்ப்டன் திடலில் நடக்கும் கிங் ஜார்ஜ் பந்தயம் மூன்று மைல். சமதளம், வலப்பக்க வளைவுகள். செல்டனமோ இடப்பக்கம் சுழலும் மேடு பள்ளம். சில்வினியாக்கோ கோன்டி 2013, 2014 இரண்டு ஆண்டும் கிங் ஜார்ஜை வென்றது. கோல்டு கப் அதற்குக் கிட்டவே இல்லை. 2014-ல் கடைசித் தடையை முதலில் தாண்டிய பிறகும், அந்த ஏற்றத்தில் பின்தங்கி நான்காவதாக வந்தது. குதிரை மட்டமானதல்ல, மேடு அதற்கு ஒத்துவரவில்லை. செல்டனத்துக்குள்ளேயும் இரண்டு பாதைகள் உண்டு. செவ்வாய், புதன் பழைய பாதையில் ஓட்டம். வியாழன், வெள்ளி புதிய பாதை. அங்கே தாக்குப்பிடிக்கும் வலுவுக்கு இன்னும் அதிக மதிப்பு. செவ்வாயன்று பார்த்ததை அப்படியே வெள்ளிக்குப் பொருத்தக் கூடாது.

தரையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஓர் இரவு மழை பெய்தால் திங்களன்று போட்ட கணக்கு புதன்கிழமை செல்லாது. குதிரை இதற்கு முன் வென்ற ஓட்டங்களில் தரை எப்படி இருந்தது என்று பாருங்கள். வறண்ட தரையில் மட்டுமே வென்ற குதிரையைச் சேற்றில் நம்புவது வெறும் ஆசை.

நெடுநாள் ஓடாத குதிரைக்குத் துரு ஏறியிருக்கும் என்ற எண்ணமும் பலரைத் தவறவிடுகிறது. அல் பூம் ஃபோட்டோ புத்தாண்டு நாளில் அயர்லாந்தின் ட்ரமோர் திடலில் ஓடுவது வழக்கமாக இருந்தது. பிறகு நேரே மார்ச்சில் கோல்டு கப். இந்த வழியிலேயே 2019, 2020 இரண்டிலும் வென்றது. பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ் திட்டமிட்டுக் கொடுத்த ஓய்வு அது. காயத்தால் வந்த இடைவெளி என்றால் கதை வேறு. எனவே இடைவெளியின் நீளத்தைவிட அதன் காரணத்தைத் தேடுங்கள்.

ஒரே பயிற்சியாளரின் இரண்டு குதிரைகள் ஓடும்போது, முதன்மை ஜாக்கி எதைத் தேர்ந்தெடுத்தாரோ அதுவே சிறந்தது என்று முடிவுகட்டாதீர்கள். 2021 கோல்டு கப்பில் ஹென்றி டி ப்ரோம்ஹெட்டின் இரு குதிரைகளில் ரேச்சல் பிளாக்மோர் ஏ ப்ளஸ் டாரில் ஏறினார். வென்றது ஜாக் கென்னடி ஓட்டிய மினெல்லா இண்டோ. மறு ஆண்டும் அதே ஏ ப்ளஸ் டாரில் வந்த பிளாக்மோர், மினெல்லா இண்டோவை 15 குதிரை நீளம் பின்னுக்குத் தள்ளி, கோல்டு கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கியானார். அந்தக் குதிரைகளோடு தினமும் பழகியவருக்கே ஓர் ஆண்டு பிசகிய தேர்வு இது. முதன்மை ஜாக்கி ஏறும் குதிரையை ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டு, தரையையும் தூரத்தையும் தாண்டும் விதத்தையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.