ஒரு கம்பு, ஒரு பெட்டி, நான்கு காகிதப் பூக்கள்: பருவத்துக்குப் பருவம் மாற்றும் எளிய வீட்டு அலங்காரம்

வேலைக்கும் பள்ளிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அலங்காரப் பொருள் செய்வது பெரிய பாடில்லை. ஓய்வாக ஒரு மாலை கிடைத்தால் போதும். அதற்குப் பின் வருவதுதான் பாடு. எங்கே மாட்டுவது, யார் இறக்குவது, இறக்கியதை எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. அதனால்தான் ஆசை ஆசையாகச் செய்த தோரணம் மாதக்கணக்கில் தொங்கி, தூசி படிந்து, நிறம் வெளுத்து, கடைசியில் குப்பைக்குப் போகிறது. அடுத்த முறை செய்யவே மனம் வருவதில்லை.

ஆகவே இந்தச் செய்முறையை வழக்கமான வரிசையில் சொல்லப்போவதில்லை. முதலில் பெட்டி, அடுத்து மாட்டும் இடம், கடைசியில்தான் பூ. பூ செய்யக் கை பரபரக்கும். இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூன்று முறை உட்கார்ந்தால் முழு வேலையும் முடிந்துவிடும். மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தேவையானவை

ஒரு பருவத்துக்கு நான்கு பூக்கள் போதும். அதற்கு ஏ4 அளவு வண்ணக் காகிதம் 3 தாள், நன்றாகக் காயும் வெள்ளைப் பசை, கத்தரிக்கோல், அளவுகோல், பென்சில், தடித்த ஊசி, நூல் ஆகியவை வேண்டும். பற்பசை வரும் மெல்லிய அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஒரு காலணிப் பெட்டி, 75 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கம்பு, நான்கு ஜெம் கிளிப்புகள், ஐந்தாறு துணிக் கிளிப்புகள் ஆகியவையும் தேவை. கம்பு மூங்கிலாக இருக்கலாம், கீழே விழுந்து கிடந்த காய்ந்த மரக்கிளையாகவும் இருக்கலாம். கிளை என்றால் பட்டையைச் சீவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்; ஈரம் இருந்தால் பூச்சி வரும்.

காகிதம் 80 கிராம் வகை என்றால் ஒரு ஏ4 தாளின் எடை சரியாக 5 கிராம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைத்தான் 80 கிராம் என்று குறிக்கிறார்கள். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. அப்படியென்றால் நான்கு பூக்களுக்குமான தாள் வெறும் 15 கிராம்தான். சுவரில் கனமான ஆணி அறையத் தேவையே இல்லை, கம்பின் எடையைத் தாங்கும் கொக்கி இருந்தால் போதும்.

பழைய செய்தித்தாளில் செய்தால் அழகாக இருக்குமே என்று தோன்றலாம். அந்தத் தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் நிறைய இருப்பதால் வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் மஞ்சளடித்து நொறுங்கும். ஒரு நாள் விழாவுக்குச் சரி, ஒவ்வோர் ஆண்டும் எடுத்து மாட்டுவதற்கு ஆகாது.

முதல் அமர்வு: பெட்டி

காலணிப் பெட்டியின் உள் அகலம் 16 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நாம் செய்யப்போகும் பூவின் விட்டம் ஏறக்குறைய 15 செ.மீ. என்பதால் இந்த அளவு. பெட்டியின் நடுவில் குறுக்காக ஓர் அட்டைத் தடுப்பை வையுங்கள். பார்சல் பெட்டியிலிருந்து வெட்டிய நெளி அட்டை இதற்கு நல்லது. அதன் ஓரத்தைப் பாருங்கள், சிறு சிறு குழல்கள் வரிசையாகத் தெரியும். அந்தக் குழல்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்டினால் தடுப்பு எடை தாங்கும். படுக்கையாக வெட்டினால் சீக்கிரமே நசுங்கிவிடும். இப்போது இரண்டு அறைகள் கிடைத்துவிட்டன. ஒவ்வோர் அறையிலும் நான்கு பூக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கும். ஆக, ஒரே பெட்டியில் இரண்டு பருவங்கள்.

பெட்டியின் நீண்ட பக்கம், குறுகிய பக்கம் இரண்டிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். அலமாரியில் எந்தப் பக்கமாக வைத்தாலும் பெயர் கண்ணில் படும். மூடியின் உட்புறம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வையுங்கள். அதில் என்ன எழுதுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதே நேரத்தில் கைவேலைச் சாமான்களுக்கும் ஒரு தட்டு ஒதுக்கிவிடலாம். கத்தரிக்கோல் ஒரு அறையில், பசை இன்னோர் அறையில் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் எல்லாவற்றையும் வைத்து, துண்டுக் காகிதம் போட ஒரு பையும் அதிலேயே வைத்துவிடுங்கள். அமர்வு முடிந்ததும் தட்டோடு தூக்கி மேலே வைத்தால் மேசை சுத்தம்.

மாட்டும் இடம்

இது பத்து நிமிட வேலை. குடும்பத்தில் எல்லோரும் தினமும் கடந்து போகும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். நேரடி வெயில் விழும் சன்னல் ஓரம் வேண்டாம், வண்ணக் காகிதம் வெளுத்துவிடும். அடுப்பு, விளக்கு, மின்விசிறி மூன்றிலிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

ஒட்டும் கொக்கியைப் பயன்படுத்துவதானால் முதலில் சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தச் சுவரில் பசை பிடிக்காது. சிறிய ஆணிதான் வழி. வழவழப்பான சுவர் என்றால் ஈரமும் தூசியும் இல்லாமல் துடைத்துக் கொக்கியை ஒட்டி, ஒரு நாள் கழித்துக் கம்பை மாட்டுங்கள். கம்பின் இரு முனைகளிலும் கயிற்றைக் கட்டித் தொங்கவிடலாம். இந்தக் கம்பு ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். மாறுவது பூ மட்டும்தான்.

இரண்டாம் அமர்வு: தாளின் ஓட்டத்தைப் பார்த்து வெட்டுதல்

புதிதாகச் செய்பவர்கள் மடிப்பு சரியாக விழவில்லை என்று தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் குறை கையில் இல்லை, தாளைத் திருப்பிப் பிடித்ததில்தான். ஆலையில் காகிதம் தயாராகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. அந்த ஓட்டத்தோடு மடித்தால் கோடு நேராக, கூர்மையாக விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு சிலிர்க்கும், தடித்த தாளில் வெடிப்பே தெரியும்.

ஓட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தாளின் இரண்டு நீண்ட விளிம்புகளையும் ஒன்றோடொன்று சேர்ப்பதுபோல் மெதுவாக வளையுங்கள், மடித்துவிடாதீர்கள். உள்ளங்கையால் லேசாக அழுத்தி, எவ்வளவு எதிர்க்கிறது என்று பாருங்கள். பிறகு குறுகிய விளிம்புகளைச் சேர்த்து அதேபோல் வளையுங்கள். எந்த வளைவு இலகுவாகப் பணிகிறதோ, அந்த வளைவின் முதுகு போகும் திசைதான் ஓட்டம். ஐயம் இருந்தால் உதவாத தாள் ஒன்றை இரு திசையிலும் கிழித்துப் பாருங்கள். ஓட்டத்தோடு கிழிந்தால் ஏறக்குறைய நேராகப் போகும், குறுக்கே கிழிந்தால் கோணல்மாணலாகும்.

ஏ4 தாள்களில் பெரும்பாலும் ஓட்டம் நீளவாக்கில் இருக்கும். அப்படி இருந்தால் செய்ய வேண்டியது இது. குறுகிய விளிம்புகள் சேரும்படி தாளை இரண்டாக மடியுங்கள், மறுபடியும் அதே திசையில் இரண்டாக மடியுங்கள். பிரித்து, கோட்டின்மேல் வெட்டினால் 21 செ.மீ. நீளமும் 7.4 செ.மீ. அகலமும் உள்ள நான்கு பட்டைகள் கிடைக்கும். மூன்று தாளுக்குப் பன்னிரண்டு பட்டைகள். ஒரு பூவுக்கு மூன்று பட்டைகள் வேண்டும் என்பதால் நான்கு பூவுக்குக் கணக்கு சரியாக முடிகிறது, ஒரு துண்டுகூட வீணாவதில்லை.

ஓட்டம் அகலவாக்கில் இருந்தால் தாளை நீளவாக்கில் 7 செ.மீ. அகலமுள்ள மூன்று பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 28.5 செ.மீ. நீளத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது பூவுக்கு இரண்டு பட்டைகள் போதும். ஒவ்வொரு பட்டையிலும் 19 மடிப்பு, அதாவது 1.5 செ.மீ. அகலமுள்ள 19 பகுதிகள் வரும்.

மடித்தல்

பட்டையின் இரண்டு நீண்ட விளிம்புகளிலும் 1.5 செ.மீ.க்கு ஒரு புள்ளியாகப் பென்சிலால் குறியுங்கள். ஒரு விளிம்பில் மட்டும் குறித்தால் மடிப்பு போகப் போகச் சாய்ந்துவிடும். முதல் மடிப்பை முன்பக்கமாக, அடுத்ததைப் பின்பக்கமாக என்று சேலைக் கொசுவம்போல மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போனால் பட்டைக்கு 14 மடிப்பு வரும். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் தேய்க்காமல் அளவுகோலின் விளிம்பால் அழுத்துங்கள், கோடு ஒரே சீராக இருக்கும்.

மடித்த கட்டை இறுக்கிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து அரை செ.மீ. தள்ளி ஊசியால் துளையிடுங்கள். மூன்று பட்டைகளிலும் துளை ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஊசி வேலை பெரியவர்களுடையது. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளிடம் மடிப்பதை நம்பிக் கொடுக்கலாம்; அவர்களுக்கு இதில் பொறுமை நன்றாகவே வருகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஜெம் கிளிப், துண்டு அட்டை போன்ற சிறு பொருள்களை எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைத்தல்

இங்கேதான் பலருக்கும் பூ கோணலாகிறது. முதல் பட்டையின் கடைசி மடிப்பின்மேல் இரண்டாம் பட்டையின் முதல் மடிப்பு அப்படியே படிந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் இரண்டாம் பட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போடுங்கள், உட்காரும். பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டி, இணைப்பில் ஒரு துணிக் கிளிப்பைப் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் பட்டையை ஒட்டும் முன் அதில் ஒரே ஒரு மடிப்பை வெட்டி எடுத்துவிடுங்கள். வளையமாக மூடும்போது மேடும் பள்ளமும் மாறி மாறி வர வேண்டுமானால் மொத்த மடிப்புகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 14, 14, 13 சேர்த்து 41. மூன்று இணைப்புகளில் மூன்று மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று மறைவதால் மிச்சம் 38. அந்த ஒரு மடிப்பை வெட்டாவிட்டால் கடைசி இணைப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். 28.5 செ.மீ. பட்டை வெட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு இணைப்புகள் போக 36 வருகிறது.

வளையம் காய்ந்ததும் துளைகள் வழியே நூலைக் கோத்து, இரு முனைகளையும் மெல்ல இழுங்கள். துளை உள்ள விளிம்பு முழுவதும் நடுவில் குவியும், மறு விளிம்பு விரிந்து வட்டமாகும். மேசைமேல் வைத்துத் தட்டையாக அழுத்திக்கொண்டே முடிச்சுப் போடுங்கள். நூல் இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டப் பார்த்தால் பூ துள்ளித் துள்ளிப் பிரிந்துகொண்டே இருக்கும்.

பற்பசை அட்டையில் 3 செ.மீ. வட்டங்கள் வெட்டி, பசை தடவி, நடுவில் முன்னும் பின்னுமாக ஒட்டுங்கள். தொங்கவிடும் நூலின் முனையைப் பின்பக்க அட்டைக்கு அடியில் வைத்தே ஒட்டிவிட்டால் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. மேலே ஒரு தண்ணீர் பாட்டிலை அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். வெள்ளைப் பசை காயக் காயத் தெளிவாகிவிடும், ஆனால் முழு வலுவுக்கு ஒரு நாள் ஆகும். அதுவரை மாட்ட வேண்டாம்.

மூன்றாம் அமர்வு: மாட்டுதல்

ஜெம் கிளிப்பை விரித்து ‘எஸ்’ வடிவில் வளைத்தால் அருமையான கொக்கி. ஒரு வளைவு கம்பில், மறு வளைவு பூவின் நூலில். நூல் நீளத்தை 10, 25, 15, 30 செ.மீ. என ஏற்ற இறக்கமாக வைத்தால் பூக்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் சுவர் நிறைந்து தெரியும்.

நிறத்தில் என் பரிந்துரை ஒரு பருவத்துக்கு இரண்டு நிறம், அதற்கு மேல் வேண்டாம். வெயில் காலத்துக்கு வெள்ளையும் வெளிர் நீலமும், மழைக் காலத்துக்கு இரண்டு வகைப் பச்சை, குளிருக்குச் செம்மஞ்சளும் அடர் சிவப்பும் வைத்துப் பாருங்கள். வீட்டில் பிறந்தநாளோ விழாவோ வந்தால் நான்கில் ஒரு பூவை மட்டும் பளிச்சென்ற நிறத்துக்கு மாற்றினாலே போதும், அறை வேறாகிவிடும்.

சீரியல் விளக்கும் சுற்ற விரும்பினால் எல்இடி வகையை மட்டும் எடுங்கள். பழைய வகைக் குண்டு பல்புகள் சூடாகும், காகிதத்துக்குப் பக்கத்தில் அவை கூடவே கூடாது. பட்டன் பேட்டரி போட்ட சிறு விளக்குகளில் பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும் அளவுக்கு ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடுத்து வைத்தல்

ஒரு பருவத்துப் பூவை இறக்கும் அதே நேரத்தில் அடுத்ததை மாட்டிவிடுங்கள். இரண்டையும் வெவ்வேறு நாளுக்குத் தள்ளினால் நடுவில் பழையது மேசைமேல் கிடந்து கசங்கும். இறக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த ஓவியத் தூரிகையால் மடிப்புகளின் உள்ளே தூசி தட்டி, ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் ஒரு தாளை வைத்துப் பெட்டியில் அடுக்குங்கள். நூலை அவிழ்க்காமல் பின்பக்க அட்டையைச் சுற்றிச் சுருட்டி வைக்கலாம். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், நாள்பட்டால் இளகிக் காகிதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப்பும் அப்படியே, பழுப்புக் கறை விடும்.

மூடிக்குள் ஒட்டிய வெள்ளைத் தாளுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. எந்தப் பருவம், எத்தனை பூ, இடமிருந்து வலமாக நூல் நீளம் என்ன, எது பழுதாகியிருக்கிறது என்று நான்கு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் பிள்ளைகளாகவோ கணவராகவோ இருந்தாலும், யாரையும் கேட்காமல் மாட்டிவிட முடியும்.

பெட்டியைத் தரையோடும் குளியலறைச் சுவரோடும் ஒட்டி வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் மடிப்பு தளர்ந்து பூ தொய்ந்துவிடும், வெள்ளிப் பூச்சியும் காகிதத்தை அரிக்கும். புதுப் பொருள்களோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல்தட்டில் வையுங்கள். மழைக் காலம் முடிந்ததும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றாட வைத்தால் போதும்.