பழைய சின்ன காருக்குள் புது டீசல் என்ஜின்: எங்கிருந்து தொடங்குவது

பழைய காரில் டீசல் என்ஜின் ஏற்றப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, என்ஜினை மட்டும் வாங்கினீர்களா, இல்லை வண்டியையே முழுசாக வாங்கினீர்களா என்றுதான். முதல் தடவை நான் என்ஜினை மட்டும்தான் வாங்கினேன். மவுண்ட் செய்து, கியர்பாக்ஸ் இணைத்து, எல்லாம் முடித்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகை மட்டும் வரவில்லை. காமன் ரெயில் டீசலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து (அதுதான் ரெயில்) டீசல் போகும் என்ஜினில், இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது இசியு என்ற என்ஜின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர். அந்த இசியு தன்னுடைய பழைய சாவியில் இருக்கும் சிப்பைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் ஒரு சொட்டு டீசல்கூட விடாது. அந்தச் சாவி என்றைக்கோ பழைய இரும்போடு போய்விட்டிருந்தது. நான்கு மாதம் வீணானது.

அதனால் ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டி ஒன்றை, மோதி நசுங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை, முழுசாக வாங்குங்கள். பிரிப்பதற்கு முன் ஸ்டார்ட் செய்து, சூடாகும் வரை ஓடவிட்டு, புகையையும் சத்தத்தையும் பாருங்கள். அப்புறம் இசியு, சாவி, சாவி சுவிட்சைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையம், மீட்டர் போர்டு, ஃபியூஸ் பாக்ஸ், ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் வயரிங்கோடு சேர்த்தே எடுங்கள். ஆக்ஸிலரேட்டரில் இப்போது கேபிள் இல்லை, சென்சார்தான், பழைய பெடல் உதவாது. பிரேக், கிளட்ச் பெடல் சுவிட்சுகளையும் விட்டுவிடாதீர்கள், இசியு அவற்றையும் பார்க்கும். எந்த வயரையும் வெட்டாதீர்கள். ஒவ்வொரு பிளக்கிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் இந்த மொத்தக் கூட்டத்தையும் ஒரு இரும்புச் சட்டத்தில் கட்டி, காருக்கு வெளியிலேயே ஸ்டார்ட் செய்து பார்த்துவிடுங்கள். அது ஓடிவிட்டால் மிச்சமெல்லாம் வெல்டிங்கும் லேத் வேலையும்தான்.

எந்த என்ஜின் என்பதற்கு ஒரு உதாரணம். மாரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் சின்ன காரின் 1098 சிசி பெட்ரோல் என்ஜின் தருவது 48 குதிரைத்திறன், டார்க், அதாவது சுழற்றும் விசை, 81 நியூட்டன் மீட்டர் அளவில். ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் டீசல், 75 குதிரைத்திறன் வடிவத்தில், 190 நியூட்டன் மீட்டர் தருகிறது, எடையும் சுமார் 130 கிலோதான். ஆனால் அது குறுக்குவாட்டில் வைப்பதற்காகச் செய்த என்ஜின், பின்சக்கர இழுவைக் காரில் நீளவாக்கில் திருப்ப வேண்டும். நீளவாக்கிலேயே வந்த சின்ன டீசலும் உண்டு. ஐரோப்பாவில் விற்ற டீசல் சுஸூகி ஜிம்னியில் ரெனோவின் 1461 சிசி என்ஜின் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது, அதற்கான கியர்பாக்ஸும் கூடவே கிடைக்கும். என்னைக் கேட்டால், கம்பெனியிலேயே டீசல் துகள் வடிகட்டி (புகையில் வரும் கரியைப் பிடிப்பது) இல்லாமல் வந்த என்ஜினைத் தேடுங்கள். வடிகட்டி இருந்தால் அதன் சென்சார்கள், அது தன்னைச் சுடவைத்துச் சுத்தம் செய்யும்போது வரும் வெப்பம் எல்லாவற்றுக்கும் அந்தச் சின்ன பானட்டுக்குள் இடம் தேட வேண்டியிருக்கும்.

டார்க் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும்போது பழைய கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் தாங்காது, அவற்றையும் மாற்றுவதாகவே திட்டம் போடுங்கள். கியர் விகிதத்தையும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் சுற்றளவு 1.85 மீட்டர், ஆக்ஸில் விகிதம் 4.22, டாப் கியர் நேரடி (என்ஜின் சுற்றும் அதே வேகத்தில் கியர்பாக்ஸும் வெளியே சுற்றும்) என்று வையுங்கள், 3000 ஆர்பிஎம்மில் 79 கிலோமீட்டர் வேகம்தான் வரும். பெட்ரோல் என்ஜினாக இருந்தால் இன்னும் மேலே போகலாம், டீசல் 4500-ஐ ஒட்டி மூச்சு வாங்கிவிடும். அதே கணக்கில் 3.5 விகித ஆக்ஸில் போட்டால் 95 வரும். ஐந்தாவது கியர் கிடைத்தால் இன்னும் நல்லது.

என்ஜினையும் வேறு கியர்பாக்ஸையும் சேர்க்கும் அடாப்டர் தகட்டில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். போல்ட் துளைகள் பொருந்தினால் போதாது, கிராங்கின் (என்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் விலகினாலே கிளட்ச் அதிரும், இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் சீக்கிரம் போய்விடும். நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, கிராங்கைக் கையால் சுற்றி அளந்து, சரியான பிறகு இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின் அடித்து நிரந்தரமாக்குங்கள். என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப், காரின் முன் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் இடித்தால் சம்பை வெட்டி வடிவம் மாற்றலாம், அப்போது உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயையும் கூடவே மாற்றுங்கள், திருப்பத்தில் ஆயில் ஒதுங்கினாலும் அதன் வாய் மூழ்கியே இருக்க வேண்டும்.

டீசல் லைனில் செம்பும் துத்தநாகப் பூச்சும் வேண்டாம், இரண்டும் டீசலைக் கெடுத்து ஃபில்டரை அடைக்கும். பெட்ரோல் காரில் ஒரே குழாய் போதும், இங்கே டாங்குக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். டாங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஒரு லிட்டர்கூட ஊற்றாதீர்கள். ரெயிலில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், அந்த இன்ஜெக்டருக்கு ஒரு துரும்புத் துரு போதும். அந்த அழுத்தத்தில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது, தோலைக் கிழித்துக்கொண்டு டீசல் உள்ளே போகும். என்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கிய பிறகே தொடுங்கள்.

பிரேக் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 48 குதிரைத்திறனுக்காகச் செய்த நான்கு டிரம்களை நம்பி இதை ரோட்டுக்கு எடுக்காதீர்கள், முன்னால் டிஸ்க் போடுங்கள். வெற்றிடத்தால் பிரேக் மிதிக்கு உதவும் செர்வோவும் சேர்ப்பதாக இருந்தால், டீசலின் இன்டேக்கில் அதற்குத் தேவையான வெற்றிடம் கிடைக்காது, என்ஜினோடு வந்த வேக்குவம் பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இசியுவை இணைப்பதற்கு முன்பே அதை மைனஸுக்கு மாற்றியாக வேண்டும், மறந்தால் இசியு போய்விடும். குளிர்ந்த என்ஜினைச் சூடாக்கும் கிளோ பிளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் பெரிய பேட்டரி, தடித்த கேபிள், என்ஜினிலிருந்து பாடிக்குத் தனி எர்த் பட்டை. இத்தனைக்கும் முன்னால் வண்டியைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் என்ஜின் மாற்ற என்ன அனுமதி, என்ன ஆய்வு என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கைப் பம்பாலோ மின் பம்பாலோ ஃபில்டர் வரை காற்று போக டீசலை நிரப்புங்கள், ஹை பிரஷர் பம்ப் உலர்ந்து சுற்றக் கூடாது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஆயில் குழாயிலும் கொஞ்சம் ஆயில் விடுங்கள். இன்டேக் வாயை மூடக்கூடிய ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். டர்போ சீல் கசிந்தால் டீசல் என்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓடும், சாவியை எடுத்தாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும், அதுவும் கையால் அல்ல, பலகையால். முதல் நூறு கிலோமீட்டர் முடிந்ததும் மவுண்ட் போல்ட், ப்ராப்பல்லர் ஷாஃப்ட் போல்ட், டர்போ ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் திரும்ப முறுக்குங்கள். அதிர்வில் அவைதான் முதலில் தளரும்.