சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருப்பதாக ஸ்கேனில் வந்தால் என்ன செய்வது?

பள்ளிக்குச் செல்லும் வயதுப் பெண் குழந்தைக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்து, மருத்துவர் எடுக்கச் சொன்ன ஸ்கேனில் "சிறுநீர்ப்பைச் சுவர் தடித்துள்ளது, உட்புறம் மேடுபள்ளமாக உள்ளது" என்று எழுதி வந்துவிட்டால், அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பெற்றோரின் மனம் நேராகப் புற்றுநோய்க்குத்தான் போகும். ஆனால் இந்த வயதில் இத்தகைய மாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பலமுறை வந்துபோன கிருமித் தொற்றுதான். தொற்று ஓயாதபோது, உட்சவ்வுக்கு அடியில் எதிர்ப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு சிறு முடிச்சுகளாகின்றன. வழுவழுப்பாக வெளிர் இளஞ்சிவப்பில் இருக்க வேண்டிய சவ்வு, வெந்த ஜவ்வரிசியை அப்பி வைத்தாற்போலத் தெரிகிறது. இதை ஃபாலிகுலர் சிஸ்டைட்டிஸ் என்பார்கள். முடிச்சுக்குப் பதிலாக நீர் கோத்த நுண்கட்டிகள் இருந்தால் சிஸ்டைட்டிஸ் சிஸ்டிகா என்பார்கள். இரண்டும் புற்றுநோய் அல்ல. தொற்று நின்றால் சவ்வு மெல்லத் தன் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதால், வைத்தியம் முடிச்சுகளுக்கு அன்று, தொற்று ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கே செய்யப்பட வேண்டும்.

முதலில் அந்த ஸ்கேனையே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பை நிறைந்திருக்கும்போது சுவரின் தடிமன் 3 மி.மீ. வரையிலும், காலியாக இருக்கும்போது 5 மி.மீ. வரையிலும் இயல்பு. காற்றுப் போன பலூனின் தோல் தடித்துத் தெரிவதைப் போல, காலிப் பையின் சுவரும் தடித்தே தெரியும். ஆகவே ஸ்கேனின்போது பை நிறைந்திருந்ததா என்று கேளுங்கள். குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், பை கொள்ளக்கூடிய அளவு தோராயமாக மில்லிலிட்டரில் கிடைக்கும். ஆறு வயதுக்கு அது 210 மி.லி. சிறுநீர் கழித்த பின் எவ்வளவு தங்குகிறது என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டு முறை அளந்தும் 20 மி.லி.க்கு மேல் தங்கினால், பை முழுமையாகக் காலியாகவில்லை என்று பொருள்.

அடுத்தது சிறுநீர் மாதிரி. தவறான மாதிரியால் தேவையற்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும் குழந்தைகள் ஏராளம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மருந்தின் முதல் வேளைக்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும். வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். டெட்டால் போன்றவை வேண்டாம். குழந்தையைத் தொடைகள் நன்றாக விலகியிருக்கும்படி உட்கார வைத்து, முதலில் வரும் சிறுநீரைப் போகவிட்டு, நடுவில் வருவதை மட்டும் கிருமிநீக்கிய புட்டியில் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. கைக்குழந்தைக்கு ஒட்டும் பையில் பிடித்த மாதிரியில் தொற்று இல்லை என்று வந்தால் நம்பலாம். தொற்று இருப்பதாக வந்தால், மெல்லிய குழாய் வழியே எடுத்த மாதிரியால் அதை உறுதிசெய்ய வேண்டும்.

சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையே கல்ச்சர். அதன் ரிப்போர்ட்டில், நடுச்சிறுநீரில் ஒரே வகைக் கிருமி ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000-க்கு மேல் வளர்ந்து, சீழணுக்களும் இருந்தால் அது தொற்று. பல வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால் மாதிரி பெரும்பாலும் மாசுபட்டிருக்கும், மீண்டும் எடுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தையின் சிறுநீரில் கிருமி மட்டும் தெரிந்தால், அதற்கு மருந்து கொடுப்பதால் பொதுவாக நன்மையில்லை.

ஆன்டிபயாடிக்கைக் கல்ச்சர் காட்டும் மருந்துகளிலிருந்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். காய்ச்சல் இல்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாட்களும், காய்ச்சலோடு சிறுநீரகத்தையும் தொட்ட தொற்றுக்கு 7 முதல் 10 நாட்களும் வழக்கம். நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் சிறுநீரில் மட்டுமே சேர்வதால் காய்ச்சலுள்ள தொற்றுக்கு உதவாது. தொற்று திரும்பாமலிருக்க இரவில் குறைந்த அளவு மருந்தைப் பல மாதங்கள் கொடுக்கும் முறையும் உண்டு. சிறுநீர் பின்னோக்கி ஏறும் கோளாறுள்ள 607 குழந்தைகளிடம் நடந்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இம்முறை தொற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆனால் சிறுநீரகத் தழும்பைக் குறைக்கவில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் கூடின. ஆகவே சவ்வு ஆறும்வரை துணையாக இருக்கட்டும். அதையே முழு வைத்தியமாக எண்ணிவிடாதீர்கள்.

முழு வைத்தியம் கழிப்பறையில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். மலச்சிக்கலால் வீங்கிய மலக்குடல் சிறுநீர்ப்பையைப் பின்னாலிருந்து அழுத்தி, அது முழுதாகக் காலியாவதைத் தடுக்கிறது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது. "தினமும் போகிறாள்" என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கெட்டியாகப் போகிறதா, வலிக்கிறதா, உள்ளாடையில் கறை படிகிறதா என்று பாருங்கள். மலச்சிக்கல் இருந்தால், மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை மருத்துவர் சொல்லும் அளவில், அவர் சொல்லும் காலம்வரை கொடுங்கள். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பள்ளிக் கழிப்பறை அழுக்காக இருக்கிறதென்று காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரும் சிறுமிகள் எத்தனையோ பேர். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போக அனுமதிக்கும்படி வகுப்பாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காதபடி ஒரு பலகை வையுங்கள். அவசரமில்லாமல் கழித்த பின், ஓரிரு நிமிடம் பொறுத்து மறுபடியும் முயலச் சொல்லுங்கள். இரண்டு நாட்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனாள் என்று அளவுக் குவளையால் அளந்து எழுதிச் சென்றால், மருத்துவருக்கு அந்தத் தாள் மிகவும் பயன்படும்.

கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துளை வழியே செலுத்திப் பையின் உட்புறத்தைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி எல்லோருக்கும் தேவையில்லை. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். தொற்று இல்லாமலே இரத்தம் போனாலோ, தடிப்பு ஒரு பக்கம் மட்டும் கட்டிபோல் இருந்தாலோ, தொற்று தீர்ந்தும் குறையாவிட்டாலோ அது அவசியமாகிறது. அப்போது சிறு துணுக்கு எடுத்து பயாப்சி செய்வார்கள். திராட்சைக் கொத்துபோல் உட்குழிக்குள் வளரும் ராப்டோமயோசர்கோமா என்ற அரிய புற்றுநோயையும், ஒவ்வாமையோடு தொடர்புடைய இயோசினோஃபிலிக் சிஸ்டைட்டிஸையும் பிரித்தறிய வேறு உறுதியான வழியில்லை. ஆப்பிரிக்காவில் ஆறு, ஏரிகளில் குளித்த குழந்தை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அங்குள்ள சிஸ்டோசோமா புழுவின் முட்டைகளும் இதே சவ்வில் தங்கி இரத்தம் வரச் செய்யும், அதற்கு பிராசிகுவான்டெல் என்ற மாத்திரை இருக்கிறது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, எந்த வயதிலும் குளிர்நடுக்கத்தோடு வாந்தியும் விலா வலியும் வந்தாலோ, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மறு ஸ்கேனைச் சில மாதங்கள் கழித்து, பை நிறைந்த நிலையில், முடிந்தால் முன்பு எடுத்த இடத்திலேயே எடுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோய், தடிமனை இரண்டிலும் ஒப்பிட்டு எழுதித் தரும்படி கேளுங்கள்.