மிதித்தால் 'கட் கட்': கோளாறு பெடலில் இல்லை

பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் 180 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கிய தொண்ணூறுகளின் மவுண்டன் சைக்கிள். மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் 'கட்' என்று ஒரு சத்தம். பெடலைக் கழற்றி கிரீஸ் போட்டேன். பெடல் தண்டுகள் சுழலும் அச்சான பாட்டம் பிராக்கெட்டையே புதிதாக மாற்றினேன். நான்கு நாள் வீணானதுதான் மிச்சம்.

ஜெலுத்தோங் பக்கம் எழுந்து நின்று மிதித்தபோதுதான் கவனித்தேன்: சத்தமே இல்லை! அப்படியென்றால் சீட் பக்கம்தான். சீட் கம்பியை உருவினால், அதைச் சுற்றிக் குளிர்பான டின்னை வெட்டிய தகடு, இரண்டு சுற்று, ஓரமெல்லாம் கறுத்துத் தேய்ந்து. கம்பியில் 26.8 என்று பொறித்திருந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால், கம்பி இறங்கும் ஃபிரேம் குழாயின் உள்விட்டம் 27.2. வெறும் 0.4 மி.மீ. இடைவெளி! அதை அடைக்கத்தான் அந்தத் தகடு; அது தேய்ந்து கம்பி ஆடியதுதான் அந்தக் 'கட்'.

27.2 கம்பி வாங்கி, கிரீஸ் தடவி இறக்கினேன். இரும்புக் குழாயில் அலுமினியக் கம்பியை கிரீஸ் இல்லாமல் போட்டால் நாளடைவில் அரித்து இறுகிவிடும், அதை மறக்காதீர்கள். இப்போது செயின் ஓடும் சத்தம் மட்டும்தான். அப்பாடா!