விட்பியில வீடு வாங்கணுமா? முதல்ல ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்க

இங்கிலாந்தோட வடகிழக்கு கரையில இருக்குற விட்பிக்கு ஜூலை மாசம் ஒரு தடவை வந்துட்டு போனா போதும், இங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டுடலாம்னு மனசு அடிச்சுக்கும், எனக்கும் அப்படித்தான் ஆச்சு. சிவப்பு ஓட்டுக் கூரை, நடுவுல எஸ்க் ஆறு, 199 படி ஏறினா 657ல ஹில்டாங்கிற கிறிஸ்தவத் துறவி மடம் தொடங்கின மேட்டுல பழைய அபேயோட, அதாவது மடாலயத்தோட இடிபாடு, கீழ கிரேப் லேன்ல பிரபல கடலோடி கேப்டன் குக் சின்ன வயசுல கப்பல் தொழில் கத்துக்கிட்ட வீடு, இதையெல்லாம் பாத்தா யாருக்குத்தான் ஆசை வராது. ஆனா ஜூலையில பாத்த ஊரு வேற, ஜனவரியில இருக்குற ஊரு வேற. அதனால முதல் வேலையா நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வாடகைக்கு இருந்து பாருங்க, அந்த நேரத்துல ஹாலிடே காட்டேஜ் நிறைய காலியா கிடக்கும், ஓனர்கிட்ட பேசினா சில பேர் மாசக்கணக்குல கொடுப்பாங்க.

நான் அப்படி இருந்த வீடு ஆத்தோட கிழக்குக் கரையில, ஒரு குறுகலான முடுக்குக்குள்ள. டிசம்பர்ல ஒருநாள் காலையில எழுந்து கட்டிலுக்குப் பின்னாடி கைய வச்சா சுவரு சில்லுனு ஈரம், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்குது, விரலால அழுத்தினா உள்ள மாவு மாதிரி உதிருது. வெளியில போய்ப் பாத்தா கல்லுக்கு நடுவுல யாரோ சிமெண்ட் பூசி வச்சிருக்காங்க. இந்தப் பழைய வீடெல்லாம் சுண்ணாம்புச் சாந்து வச்சு கட்டினது, மழை ஈரத்தை குடிச்சு, காத்தடிச்சா அந்த சாந்து வழியாவே வெளிய விட்டுடும், சிமெண்ட் அந்த வழியை அடைச்சிடுது, அப்புறம் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி கல்லையே அரிக்கும், இல்ல வீட்டுக்குள்ள வரும். அன்னையிலேர்ந்து எந்த வீட்டைப் பாக்கப் போனாலும் நான் முதல்ல பாக்குறது கல் இடுக்கைத்தான், வெள்ளையா மெத்துனு இருந்தா சுண்ணாம்பு, சாம்பல் நிறத்துல கெட்டியா இருந்தா சிமெண்ட்.

பேங்க் அனுப்புற வேல்யுவேஷனை நம்பி இருந்துடாதீங்க, அது அவங்க கடனுக்கு வீடு தாங்குமான்னு பாக்குறதுக்கு மட்டும்தான். பழைய வீட்டுக்கு லெவல் 3 சர்வேதான், அதாவது வீட்டை முழுசா விவரமா சோதிக்கிற சர்வேதான் எடுக்கணும், அதுவும் சுண்ணாம்புக் கட்டடம் பழக்கமான சர்வேயரா பாத்து எடுங்க. காசு அதிகம்தான், ஆனா இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

அடுத்தது லிஸ்டிங், அதாவது பழமையான கட்டடம்னு சட்டப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்குறது. பழைய ஊர்ல நிறைய வீடு கிரேட் டூ லிஸ்டட், அப்படின்னா ஜன்னல் மாத்துறதுக்கும், உள்ள இருக்குற பழைய கதவு, படிக்கட்டை எடுக்குறதுக்கும்கூட உள்ளாட்சியான கவுன்சில் கிட்ட கன்சென்ட், அதாவது அனுமதி வாங்கணும், வாங்காம செஞ்சா கிரிமினல் குத்தம். இதுல ரொம்ப பேருக்கு தெரியாத விஷயம், முன்னாடி இருந்தவங்க அனுமதி இல்லாம பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருந்தாலும் அதை எடுத்துட்டு பழையபடி மாத்துன்னு கவுன்சில் உங்ககிட்டதான் வந்து கேட்கும், அதுக்கு கால வரம்பும் கிடையாது. வீட்டுல புதுசா தெரியுற ஒவ்வொண்ணுக்கும் பேப்பர் இருக்கான்னு உங்க சொலிசிட்டரை, அதாவது வீடு வாங்குறதை கவனிக்கிற வக்கீலை கேட்க வைங்க. முடுக்கு வீடுகள்ல இன்னொண்ணும் பாக்கணும், உங்க பெட்ரூம் பக்கத்து வீட்டு வழிக்கு மேல நிக்கும், அதை ஃப்ளையிங் ஃப்ரீஹோல்ட்னு சொல்வாங்க, சில பேங்க் அதுக்கு மார்ட்கேஜ் கொடுக்கவே தயங்கும், அதனால ஆஃபர் போடும்போதே கேட்டுடுங்க.

தண்ணி விஷயத்துல அவசரமே படக்கூடாது. 2013 டிசம்பர்ல கடல் பொங்கி வந்தப்ப துறைமுகத்தை ஒட்டின தெருவுக்குள்ள எல்லாம் தண்ணி புகுந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் நவம்பர்ல மழையில ஊறிப்போன சரிவு பெயர்ந்து ஏல்ஃப்ளீடா டெரஸ்ல வீடுகளையே இடிக்க வேண்டியதா போச்சு. என்விரான்மெண்ட் ஏஜென்சியோட வெள்ள மேப்பும் கடலரிப்பு மேப்பும் இலவசம், நீங்க பாக்குற வீட்டோட போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்க. அந்தக் கரைக்கு ஷோர்லைன் பிளான்ல, அதாவது கடற்கரையை என்ன செய்யப்போறோம்னு சொல்ற திட்டத்துல என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க, காப்பாத்திக்கிட்டே இருப்போம்னு இருக்கா, இல்ல அப்படியே விட்டுடுவோம்னு இருக்கா. 2009க்கு முன்னாடி கட்டின வீட்டுக்கு ஃப்ளட் ரீ திட்டம் வழியா வெள்ள இன்சூரன்ஸ் கட்டுப்படியாகுற விலையில கிடைக்கும், அதுவும் 2039 வரைக்கும்தான். ஆனா கடலரிப்புக்கு சாதாரண வீட்டு பாலிசி காசு கொடுக்காது, இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. காண்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாத்திக்கிறது, ஆன நிமிஷத்துலேர்ந்து வீட்டுக்கு என்ன ஆனாலும் பொதுவா உங்க பொறுப்புதான், அதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கோட் கையில இருக்கணும்.

இங்கிலாந்துல ஆஃபரை ஒத்துக்கிட்டாலும் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் எதுவும் உறுதி இல்ல, வேற ஒருத்தர் கூட கொடுத்தா விக்கிறவங்க அவங்க பக்கம் போயிடலாம், அதனால மனசை முழுசா கொடுத்துடாதீங்க.

ஸ்டாம்ப் டியூட்டி கணக்கு 2025 ஏப்ரல்லேர்ந்து இப்படி: 2,80,000 பவுண்ட் வீடுன்னா முதல் 1,25,000க்கு ஒண்ணும் இல்ல, அடுத்த 1,25,000க்கு 2 சதவீதம், மிச்சத்துக்கு 5 சதவீதம், மொத்தம் 4,000 பவுண்ட். வாழ்க்கையிலேயே முதல் வீடுன்னா இந்த விலைக்கு எதுவும் கட்ட வேண்டாம். ரெண்டாவது வீடுன்னா முழு விலைக்கும் இன்னொரு 5 சதவீதம் சேர்ந்து 18,000 ஆயிடும், போதாக்குறைக்கு நார்த் யார்க்‌ஷயர் கவுன்சில் இப்ப ரெண்டாவது வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸை, அதாவது வீட்டு வரியை ரெட்டிப்பா வாங்குது.

அது சரிதான்னு நான் நினைக்கிறேன். 2022ல ஊர்மக்கள் கிட்ட ஓட்டு எடுத்தப்ப, புதுசா கட்டுற வீடு நிரந்தரமா குடியிருக்குறவங்களுக்குத்தான் போகணும்னு ஓட்டுப் போட்டவங்கள்ல 93 சதவீதத்துக்கு மேல சொன்னாங்க. நான் இருந்த முடுக்குல ஜனவரி ராத்திரி ஏழு மணிக்கு வெளிச்சம் தெரிஞ்ச ஜன்னல் ரெண்டே ரெண்டுதான். மீன் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளைங்க சொந்த ஊர்ல வீடு வாங்க முடியாம கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் தள்ளிப் போறாங்க, அதனால வாங்கினா வந்து குடியிருங்க.

குடியிருக்கணும்னா சில வசதிக் குறைவுக்கும் தயாரா இருக்கணும். மிடில்ஸ்பரோ போற ரயில் ஒரு நாளைக்கு சில தடவைதான், ஒண்ணரை மணி நேரம் ஆகும். பெரிய எமர்ஜென்சின்னா ஸ்கார்பரோ இல்ல மிடில்ஸ்பரோதான் போகணும், பனி கொட்டினா மூர்னு சொல்ற மேட்டுப் புதர்வெளி மேல போற ரோடு அடைச்சிடும். படகு போறப்ப நடுப்பாலம் திறக்கும், அதுவரைக்கும் காரை நிறுத்திக் காத்திருக்கணும். மே மாசம் ஊர் எல்லாம் வெயில் அடிக்கும்போது இங்க மட்டும் கடல்லேர்ந்து ஃப்ரெட்னு ஒரு மூடுபனி வந்து துணி காய விடாது. கூரையில சீகல்னு சொல்ற கடல்பறவை கூடு கட்டினா கலைக்க முடியாது, கடல்பறவைக் கூட்டுக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கு.

சாவி கைக்கு வந்ததும் உடனே பெயிண்ட் டப்பாவைத் தூக்காதீங்க. மழைத்தண்ணி ஓடுற கட்டரை சுத்தம் பண்ணுங்க, சிமெண்ட் இருந்தா பழக்கப்பட்ட ஆளை வச்சு மெதுவா கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்பு வைங்க, அப்புறம் சுவரு காயுறதுக்கு ஒரு முழு கோடைக்காலம் விடுங்க. அதுவரைக்கும் கட்டிலை சுவத்துலேர்ந்து ஒரு கை அகலம் தள்ளியே போட்டுக்கோங்க.