செரியாவில் குடியேறும் தமிழர்களுக்கு: படைமுகாமை அண்டி வாழ்தல்

எண்ணெய் வயல் வேலைக்காகப் புருணையின் செரியாவுக்கு வரும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, இந்தச் சிற்றூரில் பிரிட்டிஷ் படைக்கு என்ன வேலை என்பதைத்தான். 1962 டிசம்பர் 8 அன்று வெடித்த கிளர்ச்சியில் செரியாவும் கிளர்ச்சியாளர் கைக்குப் போனது. அன்றைய சுல்தான் மூன்றாம் உமர் அலி சைபுதீன் உதவி கேட்க, சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் வந்த பிரிட்டிஷ், கூர்க்காப் படைகள் சில நாட்களில் அதை அடக்கின. 1984-இல் நாடு முழு விடுதலை பெற்ற பிறகும் ஒரு கூர்க்காப் பட்டாளம் இங்கேயே இருக்கிறது. அதைப் பராமரிக்கும் செலவைப் புருணையே ஏற்கிறது. ஓய்வுபெற்ற கூர்க்காக்களைக் கொண்டு சுல்தான் வைத்திருக்கும் காவல்படை இதனின்றும் வேறானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரிட்டிஷ் படையினர் காட்டுப்போர் பயில்வதும், அதைக் கற்பிக்கும் பயிற்றுநர்கள் உருவாவதும் இங்கே நடக்கிறது. மளிகைக் கடையில் எனக்கு முன்னால் பருப்பு வாங்க நின்ற வீரர் ஒருவர், காட்டில் தமக்கு இரண்டே உடுப்புகள் என்றார். பகல் முழுவதும் நனைந்தது ஒன்று, தூங்கும்போது மட்டும் உலர்ந்தது மற்றொன்று. விடிந்ததும் உலர்ந்ததைப் பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டு, பிழிந்தால் நீர் சொட்டும் பழைய சட்டையையே மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அதைக் கேட்ட பிறகு, முதுகில் பெரும் மூட்டையுடன் அதிகாலையில் சாலையோரம் ஓடும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. சிங்கப்பூர்ப் படையும் புருணையின் கிழக்கிலுள்ள தெம்புரோங் மாவட்டக் காடுகளில் பயிற்சி பெறுவதால், தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணியை முடித்த அந்நாட்டுத் தமிழர்கள் பலருக்குப் புருணைக் காடு நன்கு பழக்கம்.

ஹெலிகாப்டர் தாழ்வாகப் பறந்தால் பதற வேண்டாம். குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முகாமின் வாயிலையோ வேலியையோ படம் எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை 12 முதல் 2 மணி வரை கடைகள் மூடியிருக்கும் என்பதால், அன்று வெளியே போவதானால் வேண்டியதை முந்தைய நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் காட்டுப் பகுதியான லாபி என்ற ஊர்ப் பக்கம் அருவி பார்க்கப் போவோர், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். பாதையை விட்டு விலகினால் பிரம்புக்கொடியின் கொக்கிமுள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். இழுக்காமல் ஓரடி பின்வாங்கி எடுத்துவிடுங்கள். வெளியே வெயில் இருக்கும்போதே மரங்களுக்கு அடியில் இருட்டிவிடும் என்பதால், மாலை 4 மணிக்குள் சாலைக்கு வந்துவிடுங்கள்.